சுள்ளென்று எரிந்தால் இரண்டு மணி நேரம்

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு அந்தக் கோழிக் கடைக்குள் நுழைகிறவர்கள் யாரும் தயிரக்காவைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது கண்ணாடிக்குப் பின்னால் நின்று கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருக்கும் அடுப்பு மாஸ்டரைத்தான். புருவம் பாதி கருகி, வழுக்கைத் தலையில் வியர்வை வழிய, தீயோடு மல்லுக்கட்டுகிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரத்தான் செய்யும். எலும்பிலிருந்து கறி நோகாமல் கழன்று வருகிறதே, அது யார் பார்த்த வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. வாய் நிறையக் கறி இருக்கும்போது கேள்வி எங்கிருந்து வரும்?

அது தயிரக்கா பார்த்த வேலை. வயது ஐம்பத்து நாலு. காலை எட்டு மணிக்குப் பின்பக்கக் கதவு வழியாக வருவாள், மாலை ஐந்துக்கு அதே கதவு வழியாகப் போவாள். நடுவில் இருப்பது ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு எவர்சில்வர் மேடை, கதவு சரியாக மூடாத ஒரு ஃப்ரிட்ஜ், சுவரில் ஒரு கடிகாரம். பதினொரு வருஷமாக இவ்வளவுதான். கடையில் எல்லோருக்கும் அவள் தயிரக்காதான். சொந்தப் பெயர் அங்கே அவளுக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியும். முதலாளிக்கும் மறந்திருக்கலாம்.

வேலை சொல்வதற்குச் சுலபம். நாற்பது கிலோ கோழி வரும். தோல் உரித்து, ஒவ்வொரு துண்டிலும் எலும்பைத் தொடும்வரை கத்தியால் கீறல் போட வேண்டும். உப்பைத் தடவி வைக்க வேண்டும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிய விட வேண்டும். தண்ணீர் நின்றால் மசாலா கறியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். வடிந்த தயிரில் இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாம் சேர்த்து, கறியில் போட்டுக் கீறலுக்குள் விரல் விட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் மூடி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சிக்கலே அந்தக் காத்திருப்பில்தான். தயிர் கறியை இளக்கும். அளவோடு இளக்கினால் கறி மெத்தென்று இருக்கும். அளவு தாண்டினால் மேலே மாவு மாதிரி ஆகி, கம்பியில் நிற்காது. புளிக்காத தயிர் என்றால் ஆறு மணி நேரம் ஊறலாம். நடுத்தரமாக இருந்தால் நாலு. நன்றாகப் புளித்தது என்றால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். மாலை நாலு மணிக்குக் கறியைக் கம்பியில் கோக்க வேண்டும், அதில் மாற்றமே கிடையாது. ஆகவே தயிரைக் கறியில் போடுவது காலை பத்து மணிக்கா, பகல் பன்னிரண்டுக்கா, இரண்டுக்கா என்பதைத் தினமும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒருவர் தயிரக்கா. அந்தக் கடையில் அவள் கையில் இருந்த ஒரே அதிகாரம் அது.

ஒன்பது வருஷம் அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து நேரம் சொன்னாள். பத்தாவது வருஷத் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அவளும் அவள் கணவரும் பத்து நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். காய்ச்சல் போனபோது அவள் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன. சோப்பை மூக்கில் வைத்து இழுத்தாலும் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். போனது போனதுதான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு இல்லாதவளைச் சமையல்கட்டில் எவன் வைத்துக்கொள்வான்? கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி முதுகைத் தொலைத்துவிட்டு வீட்டில் இருந்தார். குனிந்து செருப்பு மாட்டவே அவருக்கு ஆள் வேண்டும். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். இந்த வயதில் இன்னொரு கதவைத் தட்டிப் புது இடத்தில் புது வேலை கற்றுக்கொள்ளும் தெம்பு அவளுக்கு இல்லை. அதை நினைத்தாலே கால் கடுத்தது.

காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்குப் போன முதல் நாள், தயிர்ப் பாத்திரத்தின் முன்னால் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் வைத்தாள், பஞ்சை வைத்த மாதிரி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தயிருக்குள் விட்டாள். சுள்ளென்று எரிந்தது.

கோழியோடு மல்லுக்கு நிற்கிற கைகளில் காயம் இல்லாத நாள் கிடையாது. எலும்புச் சிலாம்பு ஊசி மாதிரி குத்தும், கத்தி நுனி வழுக்கும். அதுவரை அந்த எரிச்சல் அவளுக்குத் தொல்லையாக மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவள் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்று யோசித்தாள். புளித்த தயிர்தான் சுள்ளென்று எரியும். புதுத் தயிர் எரியாது. இது தெரிந்த விஷயம்தானே, இத்தனை வருஷம் பட்டதுதானே. பகல் இரண்டு மணி என்று முடிவு செய்தாள். கறி பூவாக வந்தது.

அன்று முதல் அதுவே அவளுக்கு அளவு. கை வைத்தவுடன் சுள்ளென்று எரிந்தால் இரண்டு மணி நேரம். கொஞ்சம் தாமதித்து மெதுவாகக் கிளம்பி எரிந்தால் நாலு. எரியவே இல்லையென்றால் ஆறு. உப்பு, காரமெல்லாம் கைக்கணக்கு. ஒன்பது வருஷம் அள்ளிப் போட்ட கை அதை மறக்காது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கறி கெடவில்லை.

கெட்டது அவள் நிம்மதி. தினமும் நாலரை மணிக்கு மாஸ்டர் ஒரு துண்டைத் தீயில் வாட்டி, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மீதியை அவளிடம் நீட்டுவார்.

"எப்படிம்மா இருக்கு?"

"சரியா இருக்கு மாஸ்டர்."

வாரத்துக்கு ஆறு நாள், இரண்டு வருஷம் இதே பொய். நாற்பது கிலோ தேய்த்த அலுப்பு படுத்தால் போய்விடும். இந்த அலுப்பு அப்படியில்லை. அவளோடு படுத்து, அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் அவளுக்கு ஒரு துணை இருந்தது. கணவரின் நாக்கு. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பாள்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"எல்லாம் சரியா இருக்கு."

பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்து பேசுகிற மனிதர் அவர். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அதுவே அவளுக்குப் போதும். அவர் நல்லா இருக்கு என்று சொன்ன அளவை அப்படியே பிடித்துக்கொண்டு மறுநாளும் சமைப்பாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன்தான் ஒருமுறை அவள் மனதை நோகடித்தான். "மெஸ் சாப்பாட்டுல நாக்கு செத்துப்போச்சும்மா, நாலு நாள் உன் கையால சாப்பிடணும்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். முதல் நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். அன்று ராத்திரியிலிருந்து ஒரு சிநேகிதன் கூப்பிட்டான், இன்னொரு சிநேகிதனுக்குக் கல்யாணம் என்று மூன்று நாளும் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். "வெளியூர்க் காத்து பட்டதும் அம்மா சமையல் கசந்துபோச்சு பாருங்க" என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். "வயசுப் பையன், விடு" என்றார் கணவர்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்போதுதான் கையுறை வந்தது.

சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்து முகம் சுளித்தார். தயிரக்காவின் கையைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். காயம்பட்ட கையோடு யாரும் கறியைத் தொடக் கூடாது, எல்லோரும் கையுறை போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே முதலாளி நீல நிறக் கையுறைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார்.

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. கை எப்படிக் கிழிஞ்சு கெடக்கு பாருங்க."

யாரும் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போடவாவது ஒரு காரணம் வேண்டாமா?

முதல் சில நாள் யாரும் பார்க்காத நேரத்தில் கையுறையைக் கழற்றி, ஒரு கரண்டித் தயிரைத் தனியாக எடுத்து அதில் விரலை வைத்துப் பார்த்தாள். ஆனால் கையுறைக்குள் இருந்த கை தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டே வந்தது. வெட்டெல்லாம் மூடின. பத்தாம் நாள் விரலை வைத்தபோது குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது. எத்தனை வருஷம் கழித்துக் கைக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது! அவள் கரண்டித் தயிரைக் கொட்டிவிட்டுக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் கத்தியின் நுனியை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு சின்னக் கீறல் போதும். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பொய் சொல்லியாயிற்று, இதற்குமேல் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டுமா என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் மணி எட்டரைதான் ஆகியிருந்தது.

அதன்பின் குத்துமதிப்பாக ஓட்டினாள். வெயில் அதிகமென்றால் நேரத்தைக் குறைத்தாள், மேகம் போட்டால் கூட்டினாள். ஒரு வாரம் தப்பித்தாள். சனிக்கிழமை மாட்டிக்கொண்டாள். காலையில் வானம் மூட்டமாக இருந்தது என்று பகல் பன்னிரண்டுக்கே தயிரைப் போட்டாள். நாலு மணிக்குக் கம்பியில் கோக்கும்போதே கறி விரலோடு வந்தது. எதுவும் சொல்லாமல் அழுத்திக் கோத்துக் கொடுத்தாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கான அவசரத்தில் சோதனைத் துண்டு அன்றைக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகு, கடை நிறையக் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கறி கம்பியை விட்டு நழுவித் துண்டு துண்டாகத் தீயில் விழுந்ததாம். பத்து கம்பியில் ஆறு கம்பி அப்படி. கண்ணாடிக்குப் பின்னால் பேர் வாங்கி நின்ற மாஸ்டருக்கு அன்றைக்கு முகத்தைக் காட்ட முடியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனபோது பின்கட்டில் மூன்று பேர் நின்றார்கள். முதலாளி, மாஸ்டர், தயிர்க்காரர். மேடைமேல் இரண்டு கிண்ணம் இருந்தது. ஒன்றில் நேற்று ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த தயிர், இன்னொன்றில் அன்றைக்கு வந்தது. முதலாளி அவள்மேல் கோபமாக இருப்பதாகவே தெரியவில்லை. அவர் கோபமெல்லாம் தயிர்க்காரர்மேல் இருந்தது.

"வாங்கக்கா. இவர் நேத்து நமக்குப் பழைய தயிரைத் தள்ளிவிட்டிருக்காரு. கேட்டா இல்லைங்கறாரு."

"உறை ஊத்தினது வெள்ளிக்கிழமைதாங்க" என்றார் தயிர்க்காரர். ஒல்லியான மனிதர். கேனின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "எட்டு வருஷமா ஊத்தறேன். என் பிழைப்புங்க இது."

"உங்க வாய்ப் பேச்சு வேண்டாம். அக்கா நாக்கு பொய் சொல்லாது. அக்கா, ரெண்டையும் ஒரு வாய் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. பழசுன்னா இன்னியோட இவருக்கும் நமக்கும் ஒண்ணுமில்லை."

தயிரக்கா கரண்டியைக் கையில் எடுத்தாள். பழசு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் தப்பித்துவிடலாம். தயிர்க்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டில் அவரை மாதிரியே ஒரு மனிதர், செய்த வேலையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாதவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு எல்லாம் போதும் போதும் என்றாகிவிட்டது. கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

"எனக்கு ருசி தெரியாது தம்பி. ரெண்டு வருஷமாத் தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. தயிர்மேல தப்பா என்னன்னு எனக்குத் தெரியாது. நேரம் கணக்குப் பண்ணதுல தப்பு. அது நான்தான்."

முதலாளி புரியாமல் பார்த்தார். "என்னக்கா சொல்றீங்க? ரெண்டு வருஷமா நீங்கதான நேரம் சொல்றீங்க?"

அவள் கைகளை விரித்துக் காட்டினாள். எரிச்சலின் மூன்று கணக்கையும் சொன்னாள். கை ஆறிவிட்டதால் கணக்கும் போய்விட்டது என்றாள்.  வெட்கமாக இருந்தது. ஆனாலும் முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு லேசும் இருந்தது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரியும் முதலாளி. எரிச்சல் சமாசாரம் தெரியாது. நாக்கு இல்லைன்னு தெரியும். போன வருஷம் ஒரு நாள் உப்பே தடவாத துண்டை எடுத்துச் சுட்டுட்டேன். வாயில வைக்க முடியலை, சப்புன்னு இருந்துச்சு. இந்தம்மா தின்னுட்டு, சரியா இருக்கு மாஸ்டர்னு சொல்லுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"கறி ஒரு நாளும் தப்பாப் போகலையே, எதுக்குச் சொல்லணும்? நான்தான் தினம் தின்னு பாக்கிறேனே."

"அப்ப எனக்கு எதுக்குத் தினமும் ஒரு துண்டு நீட்டினீங்க?" என்று கேட்டாள் அவள்.

"திடீர்னு நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வரும்ல" என்றார் மாஸ்டர். பிறகு நேற்றைய கிண்ணத்திலிருந்து தயிரை எடுத்து நக்கிப் பார்த்தார். "பழசு இல்லை முதலாளி. புழுக்கத்துல சீக்கிரம் புளிச்சிருக்கு. அவரை விடுங்க."

தயிர்க்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதலாளி அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. இனிமேல் காலையில் மாஸ்டர் வந்து தயிரைப் பார்த்து நேரம் சொல்லட்டும், மற்றதெல்லாம் வழக்கம்போல் அவளே பார்க்கட்டும் என்றார். "கிளவுசை மட்டும் கழட்டிடாதீங்கக்கா" என்றார். நல்ல மனிதர். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குப் போடச் சொன்னார் மாஸ்டர், இரண்டு மணிக்குப் போட்டாள். கறி பூவாக வந்தது என்று மாஸ்டர் சொன்னார். வேலை மிஞ்சியது. ஆனால் அதில் அவளுடையது என்று இருந்த ஒன்று போய்விட்டது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. தன் வீட்டுக்கு என்று அரைக் கிலோ கோழி வாங்கி வந்தாள். கையுறை கிடையாது. கீறல் போட்டு, உப்புத் தடவி, வடித்த தயிருக்குள் பழக்கதோஷத்தில் விரலை விட்டாள். குளுகுளுவென்று இருந்தது. விரலை எடுத்துக் கழுவிக்கொண்டாள். உள்ளங்கை பளபளவென்று யாருடைய கையோ மாதிரி இருந்தது.

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பழைய பிளேடு, நடுங்குகிற கை. வழக்கம்போல் தாடையில் ஒரு வெட்டு. அவள் ஒரு கரண்டித் தயிரை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் நீட்டினாள்.

"என்னங்க, இது புளிக்குதா, எவ்வளவு புளிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"என்னைப் போய்க் கேக்கிற? உனக்குத் தெரியாததா?"

"தெரியாதுங்க." நேற்றே ஒருமுறை சொல்லிவிட்டதால் இப்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "நாம ரெண்டு பேரும் காய்ச்சல்ல கெடந்தோமே, அப்பவே எனக்கு ருசி, வாசனை எல்லாம் போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லலை. நீங்க நல்லா இருக்குன்னு சொல்றதை வெச்சுத்தான் இத்தனை நாளும் சமைச்சேன்."

அவர் கரண்டியை வாங்கினார். தயிரை வாயில் வைத்தார்.  பிறகு கரண்டியை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"எனக்கும் அப்பவே போயிடுச்சும்மா."

தயிரக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப தினமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"நாளெல்லாம் நின்னு வேலை பாத்துட்டு வந்து எனக்கு ஆக்கிப் போடறே. எனக்குத் தெரியலைங்கறதுக்காக நல்லா இல்லைன்னா சொல்ல முடியும்?"

"உப்பு சரியா இருக்குன்னீங்களே?"

"நீ போட்டா சரியாத்தான இருக்கும்."

 இரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சமையலில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்போது அவளுக்கு மகன் ஞாபகம் வந்தது.

"அடப்பாவமே. அதான் புள்ளை சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சானா?"

"நாலு நாள் சாப்பாட்டுக்கு வந்துட்டு ஒரு வேளையில ஓடினானே" என்றார் அவர். சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேரில் ஒருவராவது நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் தாடையில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். கரண்டியில் மிச்சமிருந்த தயிரில் விரல் நுனியைத் தொட்டு, வெட்டின்மேல் வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"ஆடாம இருங்க. எரியுதா?"

அவர் யோசித்தார். முகம் மெதுவாகச் சுருங்கியது.

"இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா எரியுது."

"சுள்ளுனு இல்லையே?"

"இல்லை. மெதுவாத்தான்."

"நாலு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு, அவள் கறியில் தயிரைப் போட உள்ளே போனாள்.